ஒன்பதாவது கையெழுத்து

1

இந்தக் கதையில் ஒன்பது கடிதங்கள் வரும். கடைசிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். கடிதம் என்னுடையதல்ல, பெயரும் என்னுடையதல்ல. கை மட்டும் என்னுடையது.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு நான்கு வரைவுகள் பிடித்தன. முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மழை விட்டிருந்தது. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அவள்—" அன்றைக்கு மழையே இல்லை. மழை இருந்தால் படிப்பவர் கொஞ்சம் இளகுவார் என்று போட்டது. இரண்டாவது வரைவில் மந்திரியின் உதவியாளரைப் பெண்ணாக மாற்றினேன், என்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. மூன்றாவதில் உதவியாளரே கிடையாது. மந்திரியே கையெழுத்துப் போட்டார். போடும்போது கண்கூடக் கலங்கினார். அதைப் படித்துவிட்டு என் மனைவி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருங்க இந்த மனுஷன்?" என்றாள். ஆறு வருஷம் அந்த மந்திரியைப் பற்றி நான் வீட்டில் புலம்பியதையெல்லாம் கேட்டவள் அவள்.

ஆகவே இது நான்காவது வரைவு. இதில் உதவியாளர் இருக்கிறான். ஆனால் கதை அவனுடையதல்ல, வேனக்காவுடையது.

[வேனக்கா என்னிடம் மனம்விட்டுப் பேசியது மொத்தமே ஒரு மணி நேரம்தான். மீதியில் பாதி அங்கங்கே கேட்டு அறிந்தது, பாதி நானாக நினைத்துக்கொண்டது. அவள் மனசுக்குள் நான் புகுந்து எழுதும் இடங்களை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இன்னொன்று: நேரில் "அம்மா, நீங்க" என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் "அவர்" என்ற சொல் அவளை எங்கேயோ மேடையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அதனால் "அவள்".]

2

வேனக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருஷமாக ஒரு பகல்நேர இல்லத்தின் வேனை ஓட்டி வந்தாள். தசை வலுவில்லாத குழந்தைகளுக்கான இல்லம் அது. இருபத்து மூன்று பேர். சிலரால் உட்கார முடியும், சிலரால் தலையைத் திருப்பக்கூட இன்னொருவர் கை வேண்டும். காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி வருவாள், சாயங்காலம் கொண்டுபோய் விடுவாள். இடைப்பட்ட நேரத்தில்தான் அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் எல்லாரும் எங்கேயாவது போய் வேலை பார்த்தார்கள்.

இல்லம் இருந்தது ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில். அரசாங்கக் கட்டடம், குத்தகைக்கு எடுத்தது. தீயணைப்பு வண்டிகள் நின்ற கூடம் என்பதால் தரை தெருவோடு தெருவாகச் சமமாக இருக்கும். ஒரு படி கிடையாது. அகலமான கதவைத் திறந்துவிட்டால் சக்கர நாற்காலிகள் வேன்வரை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். யாரும் யாரையும் தூக்க வேண்டாம். தூக்குவது என்பது அந்தக் குழந்தைகளுக்கு வலி. சில பேருக்கு மூச்சே சிக்கிக்கொள்ளும்.

இல்லத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா. குத்தகை முடிய ஒரு வருஷம் இருக்கும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் கட்சித் தலைவர்களிடமும் இல்லத்தை ஆதரித்து ஆளுக்கொரு கடிதம், கையெழுத்தோடு வாங்கிவிடுவது.

"நாளைக்கு எந்தக் கட்சி வந்தாலும் நம்ம மேல கைவைக்க யோசிப்பாங்க இல்ல? அதான்" என்றார். "நடுப்பகல்ல உனக்கும் வேனுக்கும் வேலை இல்ல. நீதான் போயிட்டு வரணும்."

வேனக்கா சிரித்துவிட்டாள். "என்னையெல்லாம் உள்ள விடுவாங்களா டாக்டரம்மா? நான் என்னத்தப் பேசுவேன்?"

"பேச வேணாம். காத்திருக்கணும். இங்க அது உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

அது சரிதான் என்று வேனக்காவுக்குத் தோன்றியது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம்.

அவளுக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் இருந்தது. அந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்தி அவள் தங்கை மகள். பதினோரு வயது. விரல்களும் வாயும் மட்டும்தான் சொன்னபடி கேட்கும், மற்றதெல்லாம் படுக்கைதான். ஆனால் யார் எப்போது வந்தார்கள், யாருக்கு மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. அதனால் இல்லத்தில் எல்லாரும் குட்டி மேனேஜர் என்றார்கள்.

3

முதல் கடிதம் ஒரு சின்னக் கட்சியின் தலைவரிடமிருந்து வந்தது. கட்சி சின்னது என்பதால் அவருக்கு நேரம் பெரியது. வேனக்காவை உட்கார வைத்து, தானே சொல்லச் சொல்ல நான்கு பக்கம் எழுத வைத்தார். மூன்றரைப் பக்கம் அவர் சிறை சென்ற கதை. கடைசி அரைப் பக்கத்தில் குழந்தைகள் வந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த அலுவலகங்களில் ஒரே பாட்டுத்தான்: "நீங்களே எழுதிட்டு வந்துடுங்க, தலைவர் போட்டுக் குடுத்துடுவாரு." அப்படித்தான் டாக்டரம்மா எழுதினார், தன்னைத் தானே பாராட்டி, ஏழு விதமாக. ஒருவருக்கு வீரமாக, ஒருவருக்கு உருக்கமாக. தேர்தலில் தோற்றுப்போன ஒருவருக்குக் கொஞ்சம் தத்துவமாக.

[கதை எழுதுகிறவனும் இதே வேலையைத்தானே செய்கிறான் என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. வேனக்கா அங்கே வாசலில் காத்திருக்கும்போது நான் இங்கே என் திறமையைக் காட்டிக்கொண்டிருப்பது அசிங்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

எதிர்க்கட்சித் தலைவரிடம் நான்கு முறை போனாள். நான்காவது முறை அவர் கடிதத்தைப் படிக்கவில்லை, கோப்பைத்தான் கேட்டார். "அந்தாளு போட்டுட்டாரா? காட்டு." தன் போட்டியாளரின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "எனக்கும் இதே பேப்பர்தானா? இதவிடக் கொஞ்சம் தடியா ஒண்ணுல அடிச்சிட்டு வா, போடுறேன்." வேனக்கா அந்த வெயிலில் கடை கடையாக ஏறி, தடித்த காகிதம் வாங்கி, அச்சடித்து, மூன்று மணிக்குள் திரும்பி வந்தாள். நான்கு மணிக்குக் குழந்தைகளை ஏற்ற வேண்டும். அவர் போட்டார். காகிதத்தின் கால்வாசியை அடைத்துக்கொண்டு போட்டார்.

ஒவ்வொரு கடிதமும் வந்ததும் குட்டி மேனேஜரின் பார்வைக்குப் போகும். பெரிய கதவுக்குப் பக்கத்தில் சாய்வாகக் கிடக்கும் அவள் கட்டிலில், கண்ணுக்கு நேரே கோப்பைப் பிடித்துக் காட்ட வேண்டும். நாளெல்லாம் ஒரே கூரையைப் பார்த்துக் கிடப்பவளுக்கு ஒரு கையெழுத்து என்பது பெரிய காட்சி.

"இது மண்புழு. இவரு பாதியில தூங்கிட்டாரு. பெரியம்மா, இவரு போடும்போது யாரோ கூப்பிட்டிருக்காங்க. கடைசி எழுத்தப் பாரேன், எந்திரிச்சு ஓடுது."

வேனக்கா கோப்பைத் திருப்பித் தானும் பார்த்தாள். உண்மையிலேயே அந்த ஆள் கையெழுத்துப் போடும்போது போன் அடித்தது.

"எப்புடிடி கண்டுபிடிச்ச?"

"சும்மா பாத்துக்கிட்டே இருந்தா தெரியும்."

4

எட்டுக் கடிதங்கள் சேர ஏழு மாதம் ஆயிற்று. ஒன்பதாவதுதான் முக்கியம். அரசாங்கக் கட்டடங்களெல்லாம் எந்த மந்திரியின் கையில் இருந்தனவோ, அவருடைய கடிதம்.

இங்கேதான் நான் வருகிறேன்.

மந்திரியின் அறைக்கு வெளியே என் மேஜை. எனக்கு எதிரே ஒரு நீளமான பெஞ்சு. வேனக்கா அந்த பெஞ்சில் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தாள், தொடர்ந்து அல்ல, விட்டுவிட்டு. மற்றவர்கள் காத்திருக்கும்போது என்னையே பார்ப்பார்கள், இருமுவார்கள், மணி கேட்பார்கள். அவள் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருப்பாள், சிக்னலில் நிற்கிற மாதிரி. பன்னிரண்டாவது நாள் எனக்கே கூச்சமாகிவிட்டது.

"இல்லத்த ஒருதடவ பாத்துட்டு வந்துதான்மா குறிப்பு வைக்கணும்" என்றேன்.

"வாங்க சார். வேன் கீழதான் நிக்குது."

அப்படித்தான் நான் அங்கே போனேன். நாற்பது நிமிஷம் இருந்தேன். கதவோரக் கட்டிலிலிருந்து ஒரு குரல்: "நீங்கதான் மந்திரியா?"

"இல்லம்மா. அவர்கிட்ட வேலை பாக்குறேன்."

"என்ன வேலை?"

"அவருக்கு வர்ற கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதுவேன்."

"அப்போ அவரு என்ன செய்வாரு?"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரம்மா ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் நின்று, எதனால் தூக்கக் கூடாது, எங்கே பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் என் சின்ன நோட்டில் எழுதினேன்: "படிகள் இல்லை. வேறு இடம் இவர்களுக்கு ஒத்துவராது." அந்த நோட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. எந்தக் கோப்பிலும் அது ஏறவில்லை.

5

இந்தப் பகுதியை எப்படி எழுதினாலும் நான் கொஞ்சம் நல்லவனாகவே வந்துவிடுகிறேன். ஒருவனைக் கதையில் நல்லவனாக்க மூன்று வரி போதும்: தயங்கினான், பெருமூச்சு விட்டான், ஜன்னலைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. நடந்தது இதுதான்.

காரில் மந்திரி போனைப் பார்த்தபடி வந்தார். நான் முன்சீட்டிலிருந்து கடிதத்தை நீட்டினேன்.

"என்னது?"

"பிள்ளைங்க இல்லம் சார். ஆதரவுக் கடிதம்."

"ஏதாவது கேக்குறாங்களா?"

"இல்ல சார். வெறும் கடிதம்."*

"அப்போ நீயே போட்டுக் குடுத்துரு."

(* "வெறும்" என்ற சொல் என்னுடையது. அவர் சொன்னதல்ல. இதை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், ஆமாம்.)

அவருடைய கையெழுத்து எனக்கு நன்றாக வரும். பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் செய்தி, பள்ளிக்கூடப் பரிசு, கல்யாணப் பத்திரிகைக்குப் பதில் எல்லாம் நான்தான். உத்தரவு, நியமனம், நிலம், கட்டடம் எல்லாம் அவர். எது சின்னது, எது பெரியது என்று எங்களுக்குள் ஒரு பேசாத ஒப்பந்தம் உண்டு. குழந்தைகள் சின்னதில் வந்தார்கள்.

மறுநாள் கடிதத்தை வேனக்காவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். மடங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை கேட்டாள். பிறகு கேட்டாள்: "சார் அவரு கையாலயே போட்டாரா?"

"ஆமாம்மா" என்றேன்.

முந்தைய மூன்று வரைவுகளிலும் இந்தக் கேள்வி கிடையாது.

6

ஒன்பது கடிதங்களையும் சட்டம் போட்டுக் கூடத்தின் சுவரில் மாட்டினார்கள். எந்த வரிசையில் என்பதைக் குட்டி மேனேஜர் தீர்மானித்தாள். எந்தக் கட்சியையும் பார்க்கவில்லை. நன்றாக எழுதியவர் மேலே, கோழிக் கிறுக்கல் கீழே. மந்திரியின் கடிதம் முதலாவதாக வந்தது.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. குத்தகை நீட்டிக்கப்படாது. கட்டடம் வண்டிகளைச் சோதனை செய்யும் அலுவலகத்துக்குத் தேவைப்படுகிறது. படியில்லாத தரை வண்டிகளுக்கும் தோதானதுதான். இல்லத்துக்கு மாற்று இடம் மார்க்கெட் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். லிஃப்ட் விரைவில் அமைக்கப்படும். இவற்றுக்கு நடுவில் ஒரு வாக்கியம்: "நேரில் பார்வையிட்டதில், குழந்தைகளை இடம் மாற்றத் தடை ஏதும் இல்லை எனத் தெரியவருகிறது."

அந்தக் கட்டடத்தை நேரில் பார்வையிட்ட ஒரே அரசாங்க ஆள் நான்.

உத்தரவின் நகலை டாக்டரம்மா சத்தம்போட்டு இரண்டு முறை படித்தார். வேனக்கா சுவரில் இருந்த கடிதத்தைப் போய்ப் பார்த்தாள். "என்னங்க இது? அதே ஆளுதானே! இங்க ஆதரவு தர்றேன்னு போட்டிருக்காரு, அங்க காலி பண்ணுன்னு போட்டிருக்காரு."

"பெரியம்மா, ரெண்டையும் இங்க கொண்டா" என்றாள் குட்டி மேனேஜர்.

சட்டத்தைக் கழற்றி, கடிதத்தையும் உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள் வேனக்கா. அவள் கை வலிக்கும்வரை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டும் ஒரே ஆளு இல்ல."

"மந்திரி ஒருத்தருதானேடி."

"உத்தரவுல இருக்கறவரு சரக்குன்னு போட்டிருக்காரு. லெட்டர்ல இருக்கறவரு பாத்துப் பாத்து அழகாப் போட்டிருக்காரு. சொந்தக் கையெழுத்த யாராவது பாத்துப் பாத்துப் போடுவாங்களா?"

7

வேனக்கா வந்தபோது நான் மேஜையில் இருந்தேன். கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராக இரண்டு பதிலும் வைத்திருந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆட்கள் குறையும்வரை இருந்தாள். பிறகு, "கொஞ்சம் வெளிய வாங்க சார்" என்றாள்.

மாடிப்படிக்குக் கீழே, பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தோம். அந்த ஒரு மணி நேரம்தான் நான் முதலில் சொன்னது. காகிதக் கடை, தூக்கம், மண்புழு எல்லாம் அங்கே கேட்டதுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"நீங்கதானே போட்டீங்க?"

"ஆமாம்மா."

"அவரு ஏன் போடல?"

எனக்குப் பொய் வரவில்லை. "முக்கியமானதுக்கு மட்டும்தான்மா அவரு போடுவாரு."

அவள் தலையை ஆட்டினாள், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. கோபம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, அது போகட்டும். வெள்ளிக்கிழம மேல்முறையீடு இருக்கு. நேர்ல பாத்ததா உத்தரவுல எழுதியிருக்காங்க. பாத்தது நீங்க. நீங்க பாத்தத நாலு வரி எழுதிக் குடுங்க. படி இல்லாத இடம்தான் வேணும்னு. உங்க பேருல. உங்க கையெழுத்துல."

"என் கையெழுத்துக்கு என்னம்மா மதிப்பு?"

"எட்டு பேரு கையெழுத்து வாங்கினேன் சார். ஒருத்தரும் அந்தப் பிள்ளைங்கள வந்து பாக்கல. நீங்க வந்தீங்க."

ஓய்வுபெற எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. மந்திரி போட்ட உத்தரவில் பொய் இருக்கிறது என்று அவருடைய உதவியாளனே எழுதிக் கொடுப்பதா? அவள் என் முகத்தைப் பார்த்தாள். தங்கையைப் பற்றி, குட்டி மேனேஜரின் அம்மாவைப் பற்றி, சொன்னாள்: தையல் ஆலையில் வேலை, காலை ஆறரைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். "இல்லத்த மூடிட்டா, கதவ வெளிய பூட்டிட்டுத்தான் போகணும். பக்கத்து வீட்டுக்காரங்க சாவி வச்சிருந்து, பதினொன்றரைக்கு வந்து திருப்பிப் படுக்க வெப்பாங்களாம். அதுவரைக்கும் அவ ஒரே பக்கமாத்தான் கெடக்கணும்."

"பார்க்கலாம்மா" என்றேன்.

அந்தச் சொல்லை ஒன்பது அலுவலகங்களில் கேட்டவள் அவள். சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைகளை ஏற்ற நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

8

மாற்று முடிவுகள்.

ஒன்று: வியாழக்கிழமை நான் அந்த நாலு வரியை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உத்தரவு ரத்தாகிறது. இதை எழுதும்போது கை தங்குதடையில்லாமல் ஓடியது, மந்திரியின் கையெழுத்தைப் போடும்போது ஓடுகிற மாதிரி. அடித்துவிட்டேன்.

இரண்டு: மந்திரி அடுத்த தேர்தலில் தோற்கிறார். உண்மையிலேயே தோற்றார். ஆனால் அது யாருடைய கதைக்கும் முடிவல்ல.

மூன்று: குட்டி மேனேஜர் ஒரு நாள் மதியம் மூச்சு—

இல்லை.

குட்டி மேனேஜர் சிரித்தபடி அந்த இரண்டாம் மாடி ஜன்னல் வழியாக—

இதுவும் இல்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விசாரணை மூன்று நிமிஷம். "நேர்ல வந்து பாத்த அலுவலர் எழுத்துல ஏதாவது குடுத்திருக்காரா?" என்று கேட்டார்கள். டாக்டரம்மா வேனக்காவைப் பார்த்தார். வேனக்கா வாசலைப் பார்த்தாளாம். இதை அங்கிருந்த எழுத்தர் ஒருவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். நான் அப்போது என் மேஜையில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வாழ்த்துச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் இல்லம் மூடியது. ஒன்பது குழந்தைகள் மார்க்கெட் கட்டடத்துக்குப் போனார்கள், ஆள் வைத்துத் தூக்கி. இரண்டே வாரத்தில் அது நான்காகிவிட்டது. மற்றவர்கள் வீட்டோடு. வேனை விற்றுவிட்டார்கள். வேனக்கா இப்போது ஒரு கட்டில் பீரோ கடைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறாள் என்று கேள்வி. டாக்டரம்மா மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இல்லம் மூடிய வாரத்தில் எனக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே ஒன்பதாவது கடிதம், அந்தப் பிளாஸ்டிக் உறையோடு. கூட ஒரு வரி கிடையாது. அனுப்புநர் என்ற இடத்தில் வேனக்காவின் தங்கை வீட்டு முகவரி, கதவு எண்ணோடு. தபாலுக்கு அனுப்புநர் முகவரி வேண்டுமே என்று எழுதியதா, நான் வரட்டும் என்று எழுதியதா? ஒரு வாசகனாக இதைப் பலவிதமாக வாசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு மனுஷனாக ஒரு தடவையும் போகவில்லை.

9

இந்தக் கதைக்கு முடிவு இல்லாததற்குக் காரணம் கலையல்ல. நான் போய்ப் பார்க்கவில்லை, அதனால் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஓய்வுபெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. என் கையெழுத்தால் இனி எனக்கு ஒரு கெடுதலும் வராது. யாருக்கும் ஒரு நன்மையும் வராது. என் வீட்டிலிருந்து அந்த முகவரிக்கு இரண்டு பஸ்.

இன்றைக்கு வேலைநாள். மணி பத்தே முக்கால். ஆலையில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. குட்டி மேனேஜர் ஒரே பக்கமாகக் கிடந்து ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அல்லது அந்தக் கட்டில் காலியாக இருக்கும். காலியாக இருப்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான்: போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

தட்டினால் அவளால் எழுந்து வந்து திறக்க முடியாது. வெளியே பூட்டியிருப்பதால் என்னாலும் முடியாது. உள்ளேயிருந்து "யாரு?" என்று மட்டும் கேட்பாள்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதியும் தெரியவில்லை. நீங்கள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருந்தால் என்ன சொல்வீர்கள்?